முத்துச் சலாபமும் நம் குளியாளிகளும்

அரபு மொழியில் 'கவ்வாஸ்' என்பது முத்தெடுக்கக் கடலில் மூழ்குவோனைக் குறிக்கும் சொல். திருக்குர்ஆனில் 'ஸாத்' அத்தியாயத்தில், ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்கு வசப்படுத்தப்பட்டிருந்தவர்களைக் கூறுமிடத்து இச்சொல் இடம்பெறுகிறது. இதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் நம்மிடம் உண்டு, அதுவே 'குளியாளி'. அகராதியில் அச்சொல் வாழ்கிறது. அத்தொழிலைச் செய்தவர்களின் வரலாறோ நம் இல்லங்களில் மறைந்து வருகிறது.

அண்மையில் ராஜபாளையத்து இளைஞர் சிலர் என்னைக் காண ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தனர். காற்றுக்குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் படகில் நான்கைந்து நாள் சென்று வரத் திட்டமிட்டிருந்தனர். "நம்மவர் அங்கே முத்துக்குளித்தார்களாமே, உண்மையா ஹஜ்ரத்?" என்று கேட்டனர். மலையடிவாரத்தில் பிறந்த அப்பிள்ளைகளுக்கு அன்று சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

பாண்டிநாட்டுக் கரையை அரபு மக்கள் 'மஅபர்' என்றழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தின் செழிப்பையும் குறித்து வைத்தார். 1344-இல் இலங்கை சென்ற இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துகள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டு எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் இச்செல்வத்தின்மீது கைவைத்தனர். ஆட்சிகள் மாறின, கடலில் இறங்கியவர்கள் மாறவில்லை. கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், தூத்துக்குடிக் கரையின் பரதவர்களுமே இறங்கினர்.

முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் 'சலாபம்' என்று பெயர். அது நினைத்தபோது நடத்தக்கூடியதன்று. சிப்பி படிந்த கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். முதலில் அப்பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததா என்று அறிவர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிடுவர். பலன் தேறுமென்றால்தான் நாள் குறித்து அறிவிப்பு வெளிவரும். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே ஏற்றவை. வெறும் மணற்கரையில் ஓலைக்கொட்டகைகளால் ஒரு நகரம் எழும். குடிநீர், மருத்துவம், காவல், கடைத்தெரு அனைத்துக்கும் ஏற்பாடு செய்யவேண்டும். வாந்திபேதி புகுந்து சலாபத்தைக் குலைத்ததும் உண்டு.

நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியலில் பாரை அடையும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் கரை திரும்பும். இருவர் சேர்ந்ததே ஒரு தொழில். ஒருவர் மூழ்குவார், மற்றவர் தோணியில் நின்று கயிறு பிடிப்பார். ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடையுள்ள கல்லில் கால் பதித்துக் குளியாளி இறங்குவார். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம். கூடையில் சிப்பியை வாரிக்கொண்டு கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுப்பார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதுவே அவருக்குக் கிடைத்த அவகாசம். சுறாவை அடக்க மந்திரிக்கும் 'கடல்கட்டி'க்கும் சிப்பியில் பங்கு இருந்தது. குளியாளியைக் காத்தது மந்திரமன்று. கயிறு பிடித்தவரின் விழிப்பும் அல்லாஹ்வின் அருளுமே என்று நான் கருதுகிறேன்.

ஆங்கில ஆட்சியில் சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குச் சேர்ந்தது. எஞ்சிய ஒரு பங்கே கடலில் இறங்கியவர்களுக்கு. அதிலிருந்தே கயிறு பிடித்தவருக்கும் தோணிக்கும் உரியது போகவேண்டும். 1905-இல் இலங்கைக் கரையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. நம்மவரோடு அரபுக் குளியாளிகளும் அங்கு மூழ்கினர். அடுத்த ஆண்டே அப்பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் சிப்பி அற்றுப்போயிற்று. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1961-இல் நடந்ததே இறுதிச் சலாபம். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவைத்து உருண்டை முத்தை விளைவித்தனர்.

முத்து மறைந்த பின்னும் சங்கு குளித்தல் தொடர்ந்தது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் சங்கை நோக்கிப் பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். கோயில்களில் ஒலிக்கும் சங்கை ஆழ்கடலிலிருந்து எடுத்துவந்தவர்களுள் கலிமா மொழிந்த குளியாளிகளும் இருந்தனர் என்பதை இவ்வூரார் அறிந்தால், ஒருவரையொருவர் நோக்கும் பார்வை இன்னும் இனிதாகும்.

இளைஞர்களுக்கு நான் சில செய்திகளை வலியுறுத்தினேன். நம் முன்னோர் மூச்சை அடக்கி இறங்கினர். நீங்களோ மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே குடுவைக்காற்றை உள்ளிழுத்து மூச்சைப் பிடித்தவாறு மேலெழுந்தால், காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். தொடர்ந்து பல நாள் மூழ்கியவர் உடனே விமானம் ஏறுவதும் மலையேறுவதும் ஆபத்து. ஊர் திரும்பிய கையோடு மேற்கு மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியின்றி இறங்கலாகாது. பவளத்தைத் தொடவும் வேண்டா. தூத்துக்குடிக்கு அருகேயுள்ள விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இறுதியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். கடல் வாணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் தமிழ்ப் புலவரைப் போற்றிய கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரை நாம் அறிவோம். அது நியாயமே. ஆனால் கல்லைக் கட்டி இறங்கியவர்களில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? 1961-இல் இருபது வயதினராக மூழ்கியவர் இன்றிருந்தால் எண்பதைக் கடந்தவராவார். உங்கள் பயணத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, கீழக்கரையின் தெருக்களில் அத்தகைய முதியவர்களைத் தேடுங்கள். அவர்கள் இல்லையெனில் பிள்ளைகளிடம் கேளுங்கள். மூழ்கியவர் பெயர், கயிறு பிடித்தவர் பெயர், இறங்கிய பாரின் பெயர் ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

அவர்கள் சம்மதித்துச் சென்றிருக்கின்றனர். கடற்கரை ஊர்களில் வாழும் வாசகர்களும் தத்தம் இல்லத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டுகிறேன். சலாபத்தில் மூழ்கி மீளாதவர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.