கடலை நிலம் கொண்ட கதை

திண்டுக்கல் மலைக்கோட்டையின் வரலாற்றைச் சொல்வோர் 1605-ஐத்தான் தொடக்கமாகக் கொள்வர். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பிய காலம் அது. 1755-இல் ஹைதர் அலி படைத்தலைவராக வந்தார். 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இவ்வளவில் நம் ஊர்க்கதை முடிந்துவிடுகிறது. கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறைக்கும் ஒரு வரலாறு உண்டென்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை, வகுப்பில் ஒரு மாணவி கேட்கும் வரை.

இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்னும் இடம் வந்தபோது, குஜிலியம்பாறைப் பக்கமிருந்து படிக்க வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நம்ம ஊர்ப் பக்கம் எப்பவாவது கடல் இருந்துச்சா?" என்றாள். வகுப்பு சிரித்தது. "இல்லையம்மா, கடலுக்கும் நமக்கும் வெகுதூரம்" என்று சொல்லிவிட்டு மேற்சென்றேன். அந்த விடை பிழையானது. பின்னர் நிலவியல் நண்பர் ஒருவரின் துணையோடு படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுவது, அப்பிழைக்கு நான் செய்யும் திருத்தம்.

விடைக்கான சான்று அம்மாணவியின் ஊருக்கு அருகிலேயே இருந்தது. குஜிலியம்பாறை வட்டாரத்துக் கரிக்காலியில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அது அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் போன்றதன்று. அரியலூரில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பிகளையும் நத்தைகளையும் கையால் பொறுக்கலாம். கரிக்காலிக் கல்லில் அப்படி எதுவும் கிடையாது. சர்க்கரைக் கட்டியைப் போலப் படிகம் படிகமாக மின்னும். ஆயினும் அதுவும் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான். பின்னாளில் நிலத்தின் ஆழத்தில் புதைந்து, வெந்து, மறுபடியும் படிகமானது. ஆக, இங்கே கடல் இருந்தது. எத்தகைய கடல் என்பதே அடுத்த கேள்வி.

தொன்மையான கடல்கள் நாம் இராமேசுவரத்தில் காணும் கடலைப் போன்றவையல்ல. சேலத்துக் கஞ்சமலையைப் பார்த்தவர்கள் அங்கே பாறையில் பட்டை பட்டையாக இரும்புத்தாது கிடப்பதை அறிவர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அடியில் படிந்து உருவான அடுக்குகள் அவை. இன்றைய கடலில் இரும்பு அவ்வாறு கரைந்து நிற்க முடியாது. ஆக்சிஜன் உடனே அதைத் துருவாக்கிவிடும். அன்றைய ஆழ்கடலில் ஆக்சிஜன் இல்லை என்பதற்குக் கஞ்சமலையே சாட்சி. அதன் பிறகு காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியும் ஆழ்கடல் நெடுங்காலம் மூச்சற்றே கிடந்தது. சில இடங்களில் கந்தக நஞ்சும் பரவியிருந்ததாக டொனால்டு கான்ஃபீல்டு 1998-இல் வாதிட்டார். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுருவிலேயே தங்கிவிட்டமைக்கு இந்த வேதிநிலை ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகியவற்றின் பழைய துண்டங்களுக்கிடையே மொசாம்பிக் கடல் என்று ஆய்வாளர் பெயரிட்டுள்ள ஒரு பெருங்கடல் இருந்தது. துண்டங்கள் நெருங்க நெருங்க அது சுருங்கி, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் மூடிக்கொண்டது. இவ்வாறு கோண்டுவானா என்னும் பெருநிலம் இணைந்தது. அக்கடல் மூடிய தையல், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிச் செல்லும் பாறைப் பிளவுப் பட்டை வழியாக, அதாவது திண்டுக்கல்லுக்குச் சற்று வடக்கே ஓடுகிறது என்று ஆலன் காலின்சும் அவர் குழுவினரும் 2007-இல் எழுதினர். காவிரிப் பகுதியின் மணமேட்டில் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுப் பழமையுடைய கடல்தரைப் பாறையின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இத்தையல் இன்னும் மிகப் பழையது என்று மறுப்போரும் உண்டு. ஆனால் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி பெரும் மோதலில் அகப்பட்டு வெந்தது என்பதில் ஐயமில்லை. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியிலுள்ள கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்னும் அரிய கனிமம் கிடைக்கிறது. அதைக் கொண்ட பாறைகள் 900 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டவை. அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று சாலையோரத்தில் கிடக்கிறதென்றால், அதன் மேலிருந்த மலை முழுவதும் கரைந்து போயிற்று என்பதே பொருள். நாம் வாழ்வது ஒரு பெருமலைத் தொடரின் வேரில்.

கரைந்த மலை எங்கே போயிற்று? கடலுக்குத்தான். இந்த எளிய கேள்வியிலிருந்து 2006-இல் ரிக் ஸ்குவயர், இயான் கேம்பல் முதலியோர் ஒரு கருதுகோளை உருவாக்கினர். கோண்டுவானா இணைந்தபோது 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு பெருமலைத் தொடர் எழுந்தது. நம் இமயம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்தான். அது தேய்ந்து ஆறுகளில் இறங்கிய வண்டல், பாஸ்பரசு போன்ற சத்துகளைக் கடலுக்கு ஊட்டியது. பாசிகள் பெருகின. அவற்றின் எச்சங்களை வண்டல் புதைத்ததால், அவை மட்கும்போது செலவாகியிருக்க வேண்டிய ஆக்சிஜன் மிஞ்சியது. மிஞ்சிய ஆக்சிஜன் பெரிய உடல்களுக்கு மூச்சானது. பெருமலைகளின் வேரில் விளையும் ஒருவகை ஜிர்கான் மணிகளை ஆராய்ந்து, 65 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மலைகள் இருந்தமையைக் கேம்பலும் ஜூ சீயீயும் 2022-இல் மீண்டும் வலியுறுத்தினர்.

கடலும் தன் பங்குக்குச் சான்று வைத்திருக்கிறது. அக்காலத்து உப்புப் படிகங்களுக்குள் கடல்நீர்த் துளிகள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை ஆராய்ந்த ஷான் பிரென்னன் குழுவினர், கேம்பிரியன் காலத் தொடக்கத்தில் கடல்நீரின் கால்சியம் ஏறத்தாழ மும்மடங்கானது என்று 2004-இல் கண்டனர். உயிரணுவுக்குள் மிகுதியான கால்சியம் நஞ்சு. அந்த மிகுதியை வெளியேற்றும் வழியாகவே முதல் ஓடுகள் தோன்றியிருக்கலாம் என்று கூறுவோர் உளர். நஞ்சைக் கவசமாக்கிக்கொண்ட சாமர்த்தியம்! 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அக்காலத்தில்தான் ஓடும் காலும் கண்ணும் உடைய விலங்குகள் பல்கின. நம் நாட்டிலும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கோண்டுவானாவின் வடகரைக் கடலில் வாழ்ந்த டிரைலோபைட்டுகள் கல்லாகக் கிடைக்கின்றன, அவற்றை எஃப்.ஆர்.சி. ரீட் 1910-இல் விவரித்து எழுதினார். ஒன்றின் அழிவில் மற்றொன்று தழைத்தது: இங்கே ஒரு கடல் மூடி மலையாயிற்று, மலை கரைந்து பிற கடல்களுக்கு உணவாயிற்று.

இவ்விடத்தில் நிதானம் தேவை. மலைக்கும் உயிர்ப்பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் கருதுகோளே. கால்சிய உயர்வுக்குக் கடலடி எரிமலைகளைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கியதே உயிர்களை வேறுபடச் செய்தது என்போரும் உண்டு. வேதியியல் வாயிலைத் திறந்திருக்கலாம். நுழைந்தது உயிரின் செயல். பழமையின் மீதுள்ள வேட்கை அறிஞரையும் ஏமாற்றும் என்பதற்குப் பீம்பேட்கா ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள குகையின் கூரையில் 55 கோடி ஆண்டுப் பழமையான டிக்கின்சோனியா என்னும் விலங்கின் பதிவைக் கண்டதாக 2021-இல் அறிவித்தனர். நாடே பெருமை கொண்டது. 2023-இல் மற்றொரு குழு போய்ப் பார்த்தபோது, அது அழிந்துபோன தேன்கூட்டின் தடம் என்று தெரிந்தது. முதலில் அறிவித்த ஆய்வாளர் அதனை ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பை நான் அக்கண்டுபிடிப்பினும் மேலானதாக மதிக்கிறேன்.

இதைச் சொல்வதற்குக் காரணமுண்டு. குமரிக்கண்டம் பற்றி நாம் கொண்டுள்ள பெருமிதம் அத்தகைய ஏற்பை இன்னும் கற்கவில்லை. லெமூர் விலங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் கற்பித்த லெமூரியாவை நம் கடல்கோளோடு பிணைத்துக்கொண்டோம். கண்டங்களே நகர்கின்றன என்று அறிந்தபின் அறிவியல் அதைக் கைவிட்டது, நாம் விடவில்லை. கடல்கோள் நினைவு முழுதும் பொய் என்று நான் கூறவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அது உயர்ந்தபோது கரையோர நிலங்கள் மூழ்கியது உண்மை. ஆனால் மூழ்கியது ஒரு கண்டமன்று.

நிலத்தைக் கடல் கொண்டதை ஆயிரமாண்டுகளாகப் பேசிவருகிறோம். கடலை நிலம் கொண்ட கதை நம் காலடியில் கிடந்தும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பாடல் இல்லை, உரையாசிரியர் இல்லை. சுண்ணாம்புக்கல்லும் ஒரு நீலக் கனிமமும் உண்டு.

கேள்வி கேட்ட மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தியபோது, கரிக்காலிக் கல் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுத் தொடங்கினேன். "போன வருடம் இந்த வகுப்பில் நான் ஒரு தவறான விடை சொன்னேன்" என்றேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. கல் கடைசி வரிசை வரை கை மாறிப் போய்த் திரும்பி வந்தது.