கோப்பையும் ரிசீவரும்: நடுத்தட்டுப் பொருளை மதிப்பிடல்

பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியின் இருபுறமும் விளைகிற தேயிலை ஒரு பக்கம். கொழும்புக் கடையிலிருந்தோ, வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் மூலமாகவோ அதே வீதியில் மேலேறி வரும் ஹோம் தியேட்டர் ரிசீவர் மறுபக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் உச்சவிலைப் பொருளுக்குப் புகழ் சாட்சி சொல்கிறது, மலிவுப் பொருளுக்கு விலையே சாட்சி. நடுவில் நிற்பதற்காகப் பேச யாருமில்லை. அதை மதிப்பிடத் தேயிலைக்காரர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்; ரிசீவர் வாங்குவோரிடம் அது பெரும்பாலும் இல்லை.

முதலில் பெயர்ப்பலகை. பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று தேயிலைப் பெட்டியில் அச்சிடப்படுபவை சுவையின் படிநிலைகள் அல்ல. எந்தத் துளைச் சல்லடை வழியாக இலை விழுந்தது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. ரிசீவர் பெட்டியின் வாட் எண்ணும் அப்படித்தான். டெனான் ஏவிஆர்-எக்ஸ்2800எச் 95 வாட் என்கிறது, யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ 100 வாட் என்கிறது. இரண்டு எண்களும் 8 ஓம் சுமையில் இரண்டு சனல்களை மட்டும் இயக்கி அளந்தவை. ஏழு ஸ்பீக்கரும் ஒன்றாக முழங்கும்போது ஒரே மின்வழங்கி ஏழாகப் பங்கிடப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கணிசமாகக் குறையும். இன்னொன்று: 95க்கும் 100க்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.2 டெசிபல். எந்தக் காதாலும் அதைப் பிரித்தறிய முடியாது. வலுவை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

உயர எண்ணும் இதே ஏமாற்றைச் செய்கிறது. கொழும்பு ஏலத்தில் 4,000 அடிக்கு மேல் விளைந்தது ஹை, 2,000 முதல் 4,000 அடி வரை மீடியம், அதற்குக் கீழ் லோ. மேலே போகப் போக விலையும் ஏறும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது வேறு: மேற்காசியாவும் ரஷ்யாவும் விரும்பி வாங்குவதால், பல ஆண்டுகளாகத் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை மலையுச்சித் தேயிலையை முந்தி நிற்கிறது. உயரமும் வாட்டும் உண்மையான அளவுகள்தாம். அவை பெறுமதியின் அளவுகள் அல்ல.

அளக்கும் முறையிலும் எதிர்பாராத உறவு ஒன்று இருக்கிறது. தேயிலைச் சுவைப்புக்கு 1980இல் வந்த ஐஎஸ்ஓ 3103 தரநிர்ணயம், 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்கிறது. லயத்திலும் சரி, பங்களாவிலும் சரி, யாரும் அப்படித் தேத்தண்ணி ஊற்றுவதில்லை. ரிசீவருக்குள் இருக்கும் பெருக்கியின் வலுவை அறிவிக்க அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் விதி செய்து, 2024இல் இறுக்கியது. அந்தச் சோதனையில் ஓடுவதோ பாட்டுமல்ல, படமுமல்ல. ஒரே சீரான சோதனை ஒலி. இரண்டு விதிகளும் வாழ்க்கையிலிருந்து வேண்டுமென்றே விலகி நிற்கின்றன. நல்ல தேநீருக்கோ நல்ல இசைக்கோ அவை வழிகாட்டவில்லை. ஒன்றை மற்றொன்றோடு நேர்மையாக ஒப்பிடுவதற்கே வழி செய்கின்றன. (பிஎம்பிஓ என்ற பெயரில் சின்னச் சவுண்ட் செட்டுக்கும் ஆயிரக்கணக்கில் வாட் எழுதிய காலத்தை நினைத்துப் பார்த்தால், அந்த நேர்மையின் அருமை விளங்கும்.)

ஒப்பிடும் இடத்தில்தான் தேயிலை முந்துகிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில், விற்பனைக்கு முன்பே தரகர் சுவைத்து மதிப்புப் போடுகிறார். வாங்குவோருக்கும் மாதிரி போய்ச் சேர்கிறது. எல்லாக் கோப்பைக்கும் ஒரே எடை, ஒரே நீர், ஒரே நேரம். ரிசீவர் கடையிலோ, விற்க நினைக்கும் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே போதும், நம் காது அதைத் தெளிவானது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்பையில் இரண்டு கிராமும் மறு கோப்பையில் மூன்று கிராமும் போட்டுச் சுவைக்கச் சொல்வது போன்றது இது.

சத்தத்தைச் சமப்படுத்தி, பெயரை மறைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவியூ இதழ் 1987இல் அதைச் செய்தது. சுமார் 220 டொலர் ரிசீவரிலிருந்து 12,000 டொலர் பெருக்கி வரை வரிசையில் இருந்தன. கேட்டவர்களின் விடைகள் குருட்டாம்போக்கில் சொன்னதற்கு மேல் தேறவில்லை. தேயிலைச் சுவைஞரோ இரண்டு தோட்டத்து இலையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார். ஆக, கோப்பைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மெய்யானது. பெருக்கிகளுக்கிடையே உள்ளதாகச் சொல்லப்படும் வேறுபாட்டில் பெரும்பகுதி பெயருக்கும் விலைக்கும் உரியது.

அப்படியானால் ரிசீவரில் வேறுபடுவது எது? இங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு இறங்கும் கச்சான் காற்று பட்டால், இந்த ஊவாப் பகுதிக் கொழுந்துக்குத் தனி மணம் வந்துவிடுகிறது. அதே தொழிற்சாலையின் அதே கிரேட் நவம்பரில் வேறு தேயிலை. தேயிலை தன் இடத்தைத் தன்னோடு சுமந்து போகிறது. ரிசீவருக்குப் பிறந்த இடம் பொருட்டல்ல, போய்ச் சேரும் இடமே எல்லாம். பழைய லயக் காம்பராவின் பத்துக்குப் பன்னிரண்டு அடியை எடுத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், அந்த அறையில் சில வாட்டிலேயே காதை நிறைத்துவிடும். மிச்சத்தைத் தகரக்கூரையும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான் வாங்கிக்கொள்ளும். அங்கே காசு பெறும் வசதி இரண்டு: மைக் வைத்து அறையின் ஒலிக்குணத்தை அளந்து திருத்தும் ஒடிஸி, வைபிஏஓ போன்ற ஏற்பாடு, குறைந்த சத்தத்திலும் வசனம் மங்காமல் காக்கும் இரவுநேர அமைப்பு.

மூப்படைவதிலும் ஒற்றுமை, பிறகு ஒரு வேற்றுமை. தேயிலையின் மணம் மாதங்களில் போய்விடும். ரிசீவருக்குள்ளோ இரண்டு ஆயுள்கள்: பெருக்கிப் பகுதி பதினைந்து இருபது வருடம் உழைக்கும், எச்டிஎம்ஐ பகுதி ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். 2020இல் வந்த ஓர் எச்டிஎம்ஐ 2.1 சில்லு, பல நிறுவனங்களின் புத்தம்புதிய ரிசீவர்களிலும் சில விளையாட்டுப் பெட்டிகளின் 4கே 120 ஹேர்ட்ஸ் படத்தைக் காட்ட மறுத்தது. புதுமைக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் முதலில் கரைவது இந்தப் பகுதியில்தான்.

விலை உருவாகும் விதமும் தலைகீழ். ஏலம் முடியும்வரை தோட்டத்துக்குத் தன் தேயிலையின் விலை தெரியாது. ரிசீவரின் விலையோ தயாரிப்பாளர் எழுதியது. புது மாடல் வந்தவுடன் பழையது இறங்கும். காத்திருக்கத் தெரிந்த வாங்குநர் தன் ஏலத்தைத் தானே நடத்திக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இது. லுணுகலைப் பக்கத்துச் சின்ன அறைக்கு, அறைத் திருத்தம் உள்ள, போன வருடத்து 5.1 அல்லது 7.2 சனல் நடுத்தட்டு ரிசீவரே போதும். அடுத்த மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையை ஸ்பீக்கரில் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதானால் பின்புறத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள்; அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி கேட்டவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.