நாளந்தாவில் ஒரு சீன மாணாக்கர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்போர் இந்நாளில் பலர். அவருட் சிலர் சென்ற நாட்டின் பழமையைக் கண்டு மலைத்துத் திரும்புகின்றனர். சிலர் தம் நாட்டின் பழமையைப் பேசியே பொழுது போக்கித் திரும்புகின்றனர். இவ்விருவர்க்கும் வழிகாட்டத் தக்கவர், ஏறக்குறைய 1,350 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்சிங் என்னும் சீனத் துறவியாவார். அவர் சென்றது நம் மூதாதையர் வந்த இக்கடல்வழியே யாதலின், அவர் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் தகும்.

கி. பி. 671-இல் அவர் காண்டன் துறைமுகத்திற் கப்பலேறினார். உடன் வருவதாகச் சொன்ன தோழர் பின்வாங்கினர். இளம் மாணாக்கர் ஒருவரே துணை நின்றார். இருபது நாளுக்குள் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்து, அங்கு ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். துணைவந்த மாணாக்கரும் நோயுற்று ஊர் திரும்பவே, இத்சிங் தனியராய் மலாயுவையும், தமிழர் கடாரம் என வழங்கிய கெடாவையும் கடந்து, 673-இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கினார். பின்னர் உள்நாட்டு வழியில் நோயாற் பின்தங்கிய அவரைக் கள்வர் மறித்து உடையையும் பறித்தனர். உடம்பிற் சேறு பூசி, இலைகளைப் போர்த்துக்கொண்டு நடந்து, இரவில் தம் கூட்டத்தாரை அடைந்தார்.

இத்துணைத் துன்பமும் நாளந்தாவிற் கற்றற்கே. அங்கு 3,000 துறவிகளுக்கு மேல் வாழ்ந்தனர் என்றும், 200-க்கு மேற்பட்ட ஊர்களின் வருவாய் அதனைத் தாங்கிற்று என்றும் அவர் எழுதுகின்றார். அவருக்கு முன் அங்குப் பயின்ற யுவான் சுவாங், வாயிற்காவலர் வினாக்களுக்கு விடையிறுக்க மாட்டாமற் பத்தில் எழுவர் எண்மர் திரும்பினர் என்கின்றார். அப்பள்ளியிற் புகழ்பெற்ற ஆசிரியராகிய தருமபாலர் காஞ்சிபுரத்தவர் என்பதும் அவர் வாக்கால் அறிகின்றோம்.

இத்சிங் அங்கு ஏறக்குறையப் பத்தாண்டு தங்கினார். அவர் கற்றது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. நாழிகை அறிவிக்கும் நீர்க்கடிகை, உண்ணுமுன் கை கழுவும் முறை, பற்குச்சி, குடிநீரை வடிகட்டுதல், மாணாக்கர் ஆசிரியரைப் பேணும் வகை ஆகிய யாவற்றையும் குறித்துக்கொண்டார். அவற்றைக் கொண்டு தம் நாட்டாரின் வழக்கங்களைத் திருத்த முயன்றார். உடம்பைத் தீயிட்டு எரித்தல் புண்ணியம் எனச் சீனத்திற் சிலர் கொண்ட கொள்கையை அஞ்சாது கண்டித்தார். எனினும் புதிதாய்க் கண்டன எல்லாவற்றுக்கும் தலைவணங்கினாரல்லர். நாடி பார்த்து மருந்தளிக்கும் கலையிற் சீனத்தை மிஞ்சிய நாடில்லை என்றும் எழுதினார். இரு நாட்டையும் ஒரே தராசில் நிறுத்த இந்நேர்மையே அவர் கல்வியின் பயன் என்போம்.

ஏறக்குறைய 400 நூல்களோடு ஸ்ரீவிஜயம் மீண்டு, அங்கே மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். தாளும் மையும் வேண்டித் தாய்நாட்டுக்குக் கடிதம் அனுப்ப 689-இற் கப்பலொன்றில் ஏறினார். காற்று எழுந்து, பாய் விரிய, அவர் காண்டனுக்கே கொண்டுபோகப்பட்டார். நூல்களோ ஸ்ரீவிஜயத்தில் இருந்தன! அவ்வாண்டே உதவியாளரைத் திரட்டிக்கொண்டு மீண்டும் கடலேறினார். 695-இல் தாய்நாடு சேர்ந்தபோது பேரரசி வூ தாமே எதிர்கொண்டு வரவேற்றார்.

பின்னாளில் நாளந்தா அழிந்து மண்மேடாயிற்று. 1861-ஐ ஒட்டி கன்னிங்காம் அவ்விடத்தை அடையாளம் கண்டதற்கு யுவான் சுவாங் முதலிய சீன யாத்திரிகரின் குறிப்புகளே கைவிளக்காயின. 1915 முதல் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த தேவபாலனின் செப்பேடு, சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எழுப்பியதையும், அதற்கு ஐந்து ஊர்கள் விடப்பட்டதையும் கூறுகின்றது. வீட்டார் மறந்ததை விருந்தினர் ஏடு காத்தது.

இது நம்மைச் சுடவேண்டும். காடழித்து ரப்பர் நட்ட நம் முன்னோரின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மறைந்துவிட்டன. அவற்றின் பள்ளிகள் யாரால் எழுந்தன, லயங்களில் யார் வாழ்ந்தனர் என்பன பெரும்பாலும் எழுதப்படவில்லை. அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். பழம்பெருமை பேசுவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. பதிந்து வைப்போரே வேண்டும். அயல்நாட்டிற் கற்கும் நம் பிள்ளைகள் அந்நாட்டின் நல்லனவற்றைக் குறித்து அனுப்புக. ஈண்டுள்ளோர் தத்தம் தோட்டத்தின் கதையை முதியோரிடம் கேட்டு இன்றே எழுதத் தொடங்குக.