எந்தக் காலேஜில் சேர்ப்பது? – ஒரு சரித்திரப் பார்வை



போன வருஷம் மே மாதம் எங்கள் புனே வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் இருபது காலேஜ்களின் ப்ராஸ்பெக்டஸ்கள் பரப்பிக் கிடந்தன. என் பிள்ளையின் பெண் ப்ளஸ் டூ எழுதிவிட்டு இஞ்ஜினியரிங் சேரக் காத்திருந்தாள். "தாத்தா, உங்களுக்குத்தான் எல்லா ஊரும் தெரியுமே, இதுல எது நல்ல காலேஜ்?" என்று கேட்டாள். மத்திய சர்க்கார் கணக்குத் துறையில் டேராடூன், கல்கத்தா, நாக்பூர், புனே என்று மாற்றலாகி மாற்றலாகி ரிடையரானவன் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, இந்தத் தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்கோ" என்றான்.

அந்த "இந்தத் தடவை"க்குப் பின்னால் முப்பது வருஷக் கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன். ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அது எப்படி உண்டாயிற்று என்று முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கள் புரொபஸர் சொல்லுவார். ஆகவே நம் தேசத்தில் இஞ்ஜினியரிங் காலேஜ்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

ஆரம்பம் நம் சென்னையில்தான். 1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஒரு ஸர்வே பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கம்பெனி சர்க்காருக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கட்டுப்படி ஆகாது. அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்துதான் கிண்டி இஞ்ஜினியரிங் காலேஜ் ஆயிற்று. 1920-ல்தான் அது கிண்டிக்குக் குடிபோனது.

அடுத்தது ருர்க்கி. டேராடூனில் இருந்தபோது ஆடிட் வேலையாகப் பலமுறை அங்கே போயிருக்கிறேன். ஊர் நடுவே கங்கைக் கால்வாய் ஓடுகிறது. 1837-38-ல் வட இந்தியாவில் கடும் பஞ்சம். அதன் பிறகு ப்ரோபி காட்லி என்ற அதிகாரி ஹரித்வாரிலிருந்து கங்கை ஜலத்தைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவரத் திட்டம் போட்டார். ருர்க்கியில் சோலானி என்ற நதி குறுக்கே வருகிறது. நதிக்கு மேலே பாலம் கட்டி, அதன் மேல் கால்வாயையே ஓட விட்டார்கள். இதற்கெல்லாம் படித்த ஓவர்ஸியர்களும் இஞ்ஜினியர்களும் வேண்டாமா? லெப்டினன்ட் கவர்னர் ஜேம்ஸ் தாம்ஸன் 1847-ல் வேலை நடக்கும் இடத்திலேயே காலேஜை ஆரம்பித்தார். 1854-ல் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். மாணவன் வகுப்பில் கேட்டதை, நடந்து போய்க் கண்ணால் பார்க்கலாம். லாகூரின் பெரிய கட்டிடங்களைக் கட்டிய ஸர் கங்காராம் இங்கே படித்தவர். 1949-ல் அது யூனிவர்ஸிடி ஆகி, 2001-ல் ஐ.ஐ.டி. ஆயிற்று.

அதே 1854-ல் புனேயில் மராமத்து இலாகாவுக்கு ஆள் தயாரிக்க ஒரு வகுப்பு துவங்கியது. மைசூர் சர்க்காரின் உதவியோடு இங்கு வந்து படித்து 1883-ல் முதலாவதாகத் தேறியவர்தான் ஸர் எம். விஸ்வேஸ்வரய்யா. அவர் பெங்களூரில் பி.ஏ. முடித்துவிட்டுத்தான் இஞ்ஜினியரிங்குக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1856-ல் கல்கத்தாவில் தொடங்கிய காலேஜ் பின்னால் ஷிப்பூருக்குப் போயிற்று.

இந்த நாலும் சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவை. அடுத்த தலைமுறை வேறு நோக்கத்தில் வந்தது. 1906-ல் சுதேசி இயக்கத்தின் போது கல்கத்தாவில் வைத்த தொழில் பள்ளியே பிறகு ஜாதவ்பூர் யூனிவர்ஸிடி. ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவு, அவர் காலமான பிறகு 1909-ல் பெங்களூரில் ஸயன்ஸ் இன்ஸ்டிட்யூட்டாக நிறைவேறியது. 1919-ல் பண்டித மாளவியாவின் காசி ஹிந்து யூனிவர்ஸிடியில் மெக்கானிகலையும் எலெக்ட்ரிகலையும் முன்னால் வைத்து ஒரு காலேஜ் பிறந்தது. நம் தேசத்தில் யந்திரமும் மின்சாரமும் வரவேண்டும், அதை நம் பிள்ளைகளே நடத்த வேண்டும் என்பதே எண்ணம்.

சுதந்திரம் வரும் சமயத்தில் என்.ஆர். ஸர்க்கார் தலைமையில் ஒரு கமிட்டி, தேசத்தின் நாலு திசையிலும் உயர்தர இன்ஸ்டிட்யூட்கள் வேண்டும் என்று சொல்லியது. அதன்படி முதலில் வந்தது 1951-ல் கரக்பூர். கல்கத்தாவில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போனேன். ஹிஜ்லி என்ற இடத்தில் வெள்ளைக்காரன் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்த ஜெயில் கட்டிடத்தில்தான் காலேஜ் துவங்கியது. 1931-ல் அங்கே போலீஸ் சுட்டு இரண்டு கைதிகள் மாண்டார்கள். இருபதே வருஷத்தில் அதே இடத்தில் பையன்கள் புஸ்தகமும் கையுமாக நின்றார்கள். பிறகு ரஷ்யா உதவியில் பம்பாய் 1958-லும், ஜெர்மனி உதவியில் சென்னை 1959-லும் வந்தன. கான்பூர் 1959-ன் கடைசியில் வேறொரு காலேஜின் கான்டீன் கட்டிடத்தில் ஓர் அறையில் ஆரம்பித்தது. ஆனால் அமெரிக்க யூனிவர்ஸிடிகளின் உதவியோடு, 1963-லேயே அங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

அதே காலத்தில் ரீஜனல் இஞ்ஜினியரிங் காலேஜ்கள் வந்தன. 1959-ல் வாரங்கல், 1960-ல் சூரத்கல், 1964-ல் நம் திருச்சி. பாதி இடம் அந்த மாகாணத்துப் பிள்ளைகளுக்கு, பாதி இடம் மற்ற மாகாணத்துப் பிள்ளைகளுக்கு என்று விதி. 2002 முதல் இவை என்.ஐ.டி. என்று பெயர் மாறின. நம்மைப் போல வெளி மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு இந்த விதி பெரிய உபகாரம்.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். 1966-ல் கும்பகோணத்தில் பி.யு.ஸி. முடித்து இஞ்ஜினியரிங் இன்டர்வியூவுக்குப் போனேன். இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. சேர்ந்தேன். அந்த நாளில் பி.எஸ்ஸி. படித்தவனுக்கும் இரண்டு கதவுகள் திறந்திருந்தன. ஒன்று பெங்களூர் இன்ஸ்டிட்யூட். இன்னொன்று, ஸி. ராஜம் அவர்கள் தம் பங்களாவை விற்று 1949-ல் குரோம்பேட்டையில் ஸ்தாபித்த எம்.ஐ.டி. டாக்டர் அப்துல் கலாம் திருச்சியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கேதான் ஏரோநாட்டிக்ஸ் படித்தார். பணம் கட்ட அவருடைய சகோதரி நகையை அடகு வைத்தார். எனக்கும் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் சர்க்கார் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. அப்பா ரிடையராகிவிட்டார், வீட்டில் இரண்டு தங்கைகள். விண்ணப்பம் பெட்டியிலேயே இருந்துவிட்டது. யார் மேலும் குறை இல்லை. ஆனால் அந்த ஆசை என் பிள்ளை விஷயத்தில் என்னை அவசரப்பட வைத்தது.

எண்பதுகளில் காட்சி மாறியது. கர்நாடகத்தில் முன்பே தனியார் காலேஜ்கள் உண்டு. 1957-லேயே மணிபாலில் ஒன்று வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1984 முதல் ஸெல்ஃப் பைனான்ஸ் காலேஜ்கள் அனுமதி பெற்றன. மகாராஷ்டிரத்திலும் அதே அலை. ஏ.ஐ.ஸி.டி.இ.க்குச் சட்ட அதிகாரம் 1987-ல் போட்ட சட்டத்தால்தான் வந்தது. காபிடேஷன் பீஸ் கூடாது என்று 1992-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், பாதி இடம் ஃப்ரீ ஸீட், பாதி இடம் பேமென்ட் ஸீட் என்று ஒரு ஏற்பாடு செய்தது. 2002-ல் பதினொரு நீதிபதிகள் பெஞ்ச் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது.

என் பிள்ளை ப்ளஸ் டூ முடித்தது இந்த இடைக்காலத்தில், 1994-ல். பழைய சர்க்கார் காலேஜ் ஒன்றில் அவனுக்கு ஸிவில் கிடைத்தது. அவனுக்கும் அது பிடித்திருந்தது. நான்தான் "இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லி, பி.எஃப்.பில் பணம் எடுத்து, புதிதாக ஆரம்பித்த ஒரு காலேஜில் பேமென்ட் ஸீட்டில் சேர்த்தேன். ப்ராஸ்பெக்டஸில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர் படம் இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. ஆயிரம் பக்கம் கணக்கை வரிக்கு வரி பார்த்து ஆட்சேபணை எழுதுகிறவன், சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஒரு படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். லாபில் பன்னிரண்டு மிஷின், அதில் பாதி ஓடாது. பாடம் சொன்னவர்களில் பாதிப் பேர் முந்தின வருஷம்தான் டிகிரி வாங்கியவர்கள். சாயங்காலத்தில் வெளியே ஓர் இன்ஸ்டிட்யூட்டில் தனியாகப் பணம் கட்டித்தான் அவன் தொழிலைக் கற்றான். இன்று சௌக்கியமாக இருக்கிறான். ஆனாலும் ஒரு பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் காரை மெதுவாக விடுவதைப் பார்க்கிறேன்.

புதிய காலேஜ் என்பதால் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஹிஜ்லி ஜெயிலும் புதிதுதான், கான்பூர் கான்டீனும் புதிதுதான். அங்கே கட்டிடம் இல்லை. ஆனால் வாத்தியாரும் வொர்க்‌ஷாப்பும் முதலில் வந்தன. பின்னால் வந்த பலவற்றில் கட்டிடம் முதலில் வந்தது, மற்றது வரவே இல்லை. ஆள் சேராமல் பிற்பாடு மூடிய காலேஜ்களும் உண்டு. ருர்க்கியில் செய்ய வேண்டிய வேலை காலேஜை உண்டாக்கியது. இங்கே ஸீட்டுக்கு இருந்த கிராக்கி காலேஜை உண்டாக்கியது. சரித்திரத்தில் நான் கண்ட வித்தியாசம் இதுதான்.

ஆகவே பேத்திக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன். ஒன்று, என்.பி.ஏ. அங்கீகாரம் காலேஜ் முழுமைக்கும் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. அதுவும் மூன்று அல்லது ஆறு வருஷத்துக்குத்தான். நீ சேரும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருஷம் வரை என்று பார். நாக் கொடுப்பது காலேஜ் முழுமைக்கும்; இரண்டையும் குழப்பாதே. இரண்டு, 2016 முதல் மத்திய சர்க்கார் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் போடுகிறது. நம்பரை மட்டும் பார்க்காதே. காலேஜ் கொடுத்த புள்ளி விவரத்தில் எத்தனை ஆசிரியர், எத்தனை வருஷ அனுபவம் என்று பார். மூன்று, இருபது மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. ஒரே பிரிவில் நூற்றுக்கணக்கில் சேர்க்கும் இடத்தில் இதை வாய்விட்டுக் கேள். நாலு, "பெரிய சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதே; நடுவில் இருக்கும் பையனுக்கு என்ன கிடைத்தது என்று கேள். ஐந்து, லாபைத் திறந்து காட்டச் சொல்.

ஜூனில் மூவரும் இரண்டு காலேஜ் போனோம். முதலாவதில் ஹால் ஏர்கண்டிஷன், காபி கொடுத்தார்கள். லாப் சாவி வைத்திருந்தவர் லீவு. இரண்டாவது பழைய இடம், சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மிஷின் லாபில் ஒரு பெண் கையெல்லாம் கிரீஸோடு மோட்டாரைப் பிரித்துக் கொண்டிருந்தாள். என் பேத்தி அவளோடு முக்கால் மணி நேரம் பேசினாள். முதலாவதில் கம்ப்யூட்டர் கிடைத்தது, இரண்டாவதில் எலெக்ட்ரிகல். "எனக்கு இதுதான் தாத்தா" என்றாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். "அவ இஷ்டம்பா" என்றான். நான் வேறொன்றும் சொல்லவில்லை. முதல் வருஷம் முடிந்திருக்கிறது, சந்தோஷமாகப் படிக்கிறாள்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். வெளியூர்க் குழந்தை ஒன்று உங்கள் ஊர்க் காலேஜைப் பார்க்க வந்தால், உள்ளூரில் ரிடையராகி இருக்கும் ஒருவர் கூடவே போய் லாபையும் ஹாஸ்டலையும் பார்த்து, உள்ளதைச் சொன்னால் எத்தனை குடும்பங்களுக்கு உபகாரம்! புனேக்கு நான் தயார். மற்ற ஊர் அன்பர்களும் சங்க ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.