6,500 ஏக்கர் நீர் எங்கே போனது?

ஒரே இடத்துக்கு அரசுக் கோப்புகளில் இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்றில் வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகம் தன் கிளைகளோடும் சதுப்போடும் விரிந்து கிடக்கிறது. மற்றதில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பைக் காணவில்லை. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற தாள்களைக் காட்டி, எண்ணூர் மீனவர்களும் சூழல் இயக்கத்தினரும் இதை ஊரறியச் சொன்னார்கள். இரண்டாவது வரைபடம் மோசடி என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. இந்த இரண்டில் சட்டம் ஏற்ற வரைபடம் எது? தாளில் நீர் இல்லாமற்போனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? விடை தேடி அரசிதழ்களையும் தீர்ப்புகளையும் பழைய கால்வாய் வரலாற்றையும் அனல்மின் நிலையங்களின் அனுமதிக் காகிதங்களையும் அடுக்கி வைத்துப் படித்தேன். ஒன்றைப் படித்தபோது அடுத்ததைத் தேட வேண்டியிருந்தது. அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

சட்டம் சொன்னது

முதல் தடயம் 1991 பிப்ரவரி 19 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. கடற்கரையை மட்டுமல்லாமல், ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழி, உப்பங்கழி ஆகியவற்றின் கரைகளையும் அது காப்புக்குள் கொண்டுவந்தது. அலையாத்திக் காடுகள், மீன் இனப்பெருக்கம் செய்யும் இடங்கள், தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடைப்பட்ட நிலம் ஆகியவை முதல் வகை மண்டலம். அதாவது, மிகக் கடுமையான பாதுகாப்பு.

தடைப் பட்டியலைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அனல்மின் நிலையச் சாம்பலையும் கழிவையும் இந்த மண்டலத்தில் கொட்டக் கூடாது என்று தனியாக, பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கடல்நீரின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்துக் கரை கட்டுவதும் நிலம் தூர்ப்பதும் அதே பட்டியலில் வருகின்றன. அனல்மின் நிலையத்துக்கு அங்கே அனுமதிக்கத்தக்கவை சில மட்டுமே: மூலப்பொருளை இறக்கிக் கொண்டுபோகும் கரை வசதி, குளிர்விக்கும் நீரை எடுக்கும் வழி, அதை வெளியேற்றும் வழி. எண்ணூரில் நடந்ததை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

மாநிலங்கள் ஓராண்டுக்குள் தங்கள் கடற்கரைக்கு மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரித்து, ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அந்த அறிவிக்கை சொன்னது. ஆண்டுகள் ஓடின. மாநிலங்கள் அசையவில்லை. 1994-இல் ஒன்றிய அரசே கழிக்கரையின் காப்பு அகலத்தை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு அந்தக் குறைப்பை ரத்து செய்தது. மாநிலங்கள் ஜூன் மாத முடிவுக்குள் திட்டங்களைத் தந்தாக வேண்டும் என்று கெடு விதித்தது. அந்தக் கெடுவின் விளைவாகத்தான் 1996 செப்டம்பர் 27 அன்று தமிழ்நாட்டின் திட்டம் ஒப்புதல் பெற்றது. எண்ணூர்க் கழிமுகம் முழுமையாக இருப்பது அந்த வரைபடத்தில்தான்.

இங்கே முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஒப்புதல் பெற்ற திட்டத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். மாநில அலுவலகத்தில் வேறொரு தாள் இருப்பதால் மட்டும் ஒரு கழிமுகம் தன் காப்பை இழந்துவிடாது. எண்ணூர்க்காரர்கள் கேட்டதும் அதைத்தான்: நீரை நீக்குவதற்கு ஒப்புதல் கொடுத்த தாள் எங்கே?

பழைய சான்றுகள்

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1996 வரைபடத்தை வரைந்தவர்கள்தாம் வறண்ட நிலத்தை நீராகக் காட்டிவிட்டார்களோ? அதைச் சோதிக்க, அந்த வரைபடத்துக்கு முந்தைய காலத்துக்குப் போனேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது 1805-இல். மறு ஆண்டே சென்னையிலிருந்து எண்ணூருக்குக் காக்ரேன் கால்வாய் வெட்டப்பட்டது. பிறகு அது பழவேற்காட்டுக்கு நீண்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. நகரத்துக்கு விறகும் உப்பும் படகில் வந்த வழி இது. எண்ணூரைச் சுற்றி உப்பளங்கள் இருந்தன. உப்பளத்துக்குக் கடல்நீர் வேண்டும். அந்த நீரை உள்ளே கொண்டுவர ஓதம் ஏறும் கழி வேண்டும். ஒரு இடத்தில் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைந்தது என்றால் அங்கே கடல் வந்து போனது என்றே பொருள். உப்பிலிருந்து வரி வாங்கிய அரசின் கணக்குகளே இதற்குச் சாட்சி.

ஆற்றின் வரலாறும் ஒத்துப்போகிறது. 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அங்கே நிரம்பி வழியும் வெள்ளம் கடலைச் சேரும் வழி எண்ணூர்தான். அந்த வெள்ளம் பரவி வடிய இடம் வேண்டும். 2015 மழைக்குப் பிறகு இதைச் சென்னையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மீனவர் அறிவு

காப்பகத்துக்கு வெளியே இன்னொரு ஆவணம் இருக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படைக் குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இந்த நீரை ஆறு என்றே சொல்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் எவ்வளவு ஏறும், எந்தத் துறையில் வெள்ளை இறால் கிடைக்கும், எங்கே மடவை, கொடுவா, கெழங்கான், எங்கே களிநண்டு என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழிலறிவு. இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். இவர்கள் வாழ்வு முழுக்க ஓதத்தின் நேரப்படி நடக்கிறது.

சட்டத்தின் அளவுகோல் ஓதம். மீனவரின் அளவுகோலும் ஓதம். 1996 வரைபடம், உப்பளங்களின் வரலாறு, மீனவர் சொல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நீரில்லாத வரைபடம் மட்டும் எதனோடும் பொருந்தவில்லை.

யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்

அடுத்து, இரண்டாம் கேள்விக்கு விடை தேடி, அனல்மின் நிலையங்கள் வந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் உற்பத்தியைத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை, 630 மெகாவாட், 1990-களின் நடுப்பகுதியில் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், முதன்மையாகத் தமிழ்நாடு மின் வாரியத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகத் திறக்கப்பட்டது. 2010-களில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் வட சென்னையின் 1,200 மெகாவாட் இரண்டாம் நிலையும் சேர்ந்தன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் மூன்றாம் நிலை திறக்கப்பட்டது.

இவற்றோடு இன்னொரு தேதியையும் வைக்க வேண்டும். திட்டம் தொடங்கும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்பது சட்டப்படி கட்டாயமானது 1997 ஏப்ரலில்தான். அதாவது, எண்ணூர் நிலையமும் வட சென்னையின் முதல் நிலையும் அந்தக் கடமை பிறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவை, ஏற்கெனவே நிலையங்கள் இருக்கும் பகுதி என்ற காரணத்தோடு வந்தன. முதலில் கேட்காமல் வைத்ததே பின்னால் வைப்பதற்கெல்லாம் நியாயமாகிவிட்டது. இந்த மாநகரத்தின் கரியும் சாம்பலும் ஏன் வடசென்னைத் தொழிலாளர், மீனவர் வீடுகளின் மேல் மட்டும் விழுகின்றன என்பதற்கு இந்த வரிசையே விளக்கம்.

நிலக்கரி எரிந்தபின் சாம்பல் மிஞ்சும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாகவே தங்குவதுண்டு. அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே பல கிலோமீட்டர் தள்ளி, சாம்பல் குளத்தில் விடுகிறார்கள். அந்தக் குழாய்கள் கழிமுகத்தைக் கடந்து போகின்றன. குழாய் துருப்பிடித்து உடையும் இடத்திலெல்லாம் சாம்பல் குழம்பு நேரே ஆற்றில் இறங்கும். அடியில் படிந்து சிமெண்ட் போல இறுகும். ஆழம் குறைந்தால் படகு போகாது, இறால் வராது, வெள்ளமும் வடியாது. சாம்பலில் ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் இருக்கின்றன. செப்பாக்கம் கிராமத்துக்கு அண்டை வீடு சாம்பல் குளம்தான்.

சாம்பல் முழுவதையும் செங்கல், சிமெண்ட் முதலியவற்றுக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கோடு 1999 செப்டம்பர் 14 அன்றே அறிவிக்கை வந்தது. 2009, 2016 திருத்தங்களில் கெடு தள்ளிப்போனது; 2021 டிசம்பர் 31 அன்று மறுபடியும் புதிய அறிவிக்கை. புகைபோக்கிக்கும் இதே கதிதான். 2015 டிசம்பர் 7 அன்று கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வகுத்து இரண்டாண்டு கெடு கொடுத்தார்கள். கெடு நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்கு வந்துவிட்டது. கெடுவை ஒவ்வொரு முறை நீட்டியபோதும் அதன் விலையைக் கொடுத்தவர்கள், நிலையத்தின் அருகே மூச்சு விடுபவர்கள்.

தீர்ப்பும் மின் கொள்கையும்

சாம்பலுக்கு எதிராகக் காட்டுக்குப்பம் மீனவர் தரப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது 2016-இல். தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு கழிமுகத்தில் சாம்பல் படிவையும் கன உலோக மாசையும் பதிவு செய்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மாசுக்கு மின் வாரியமே பொறுப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்றுக் கழிமுகத்தை மீட்க வேண்டும் என்றது. மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொன்னதை அறிவியலும் நீதியும் ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் புதிய நிலக்கரித் திட்டம் நிற்கவில்லை. 660 மெகாவாட் எண்ணூர் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வந்த மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கும் மாநிலம் இது. நிலக்கரி மலிவு என்று இன்னும் சொல்லப்படுகிறதே, அந்த மலிவு எப்படி வந்தது என்பதில்தான் என் இரண்டாம் கேள்வியின் விடை இருக்கிறது. தாளில் நீர் இல்லையென்றால் அங்கே போகும் இறாலுக்கும் நண்டுக்கும் விலை இல்லை; வெள்ளத்துக்கு வழி கொடுத்த சதுப்புக்கு விலை இல்லை; ஒரு மீனவரின் பிழைப்புக்கு விலை இல்லை. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்தால் எண்ணூரில் ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரமும் மலிவு இல்லை.

சூரிய மின்சாரத்தையும் காற்றாலையையும் நான் மனமார வரவேற்கிறேன். அங்கேயும் இதே எச்சரிக்கை வேண்டும். தென் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் சூரிய மின் பூங்காக்களுக்குப் போகிறது. தாளில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலத்தில் ஆடு மேயலாம், கண்மாய்க்கு வரத்துக்கால் ஓடலாம். அதை முதலில் ஊராரிடம் கேட்காமல் திட்டம் போட்டால், எரிபொருள் மாறுமே தவிர அநீதி மாறாது.

அரசு செய்ய வேண்டியது கடினமில்லை. 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் அதற்குப் பின் ஒப்புதல் பெற்றவற்றையும் தமிழில் பெயர் குறித்து, ஒவ்வொரு கடலோர ஊராட்சி அலுவலகத்திலும் மாட்ட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை நிறைவேற்றிச் சாம்பலை அகற்றி முடிக்கும்வரை எண்ணூரில் புதிதாக ஒரு மெகாவாட் நிலக்கரியும் சேர்க்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் ஏரி, கழி, மேய்ச்சல் நிலம் எதுவாக இருந்தாலும், அதன் வரைபடத்தின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டு ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்த தாளை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களோடு அந்த இடத்துக்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி ஒரு மனு எழுதப்பட்டதால்தான் எண்ணூரில் 6,500 ஏக்கர் நீர் காணாமல் போனது நமக்குத் தெரிந்தது.