ஏலமலை ஜீப்பும் அதன் ஓசையும்
மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஓடிய குறும்பாதை இரயில், கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் பேசப்படும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. 1947இல் மஹிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லீஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய பிறகு, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அவ்வண்டி காலப்போக்கில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குரிய ஊர்தியாயிற்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர் மலையேறுவதும் ஜீப்பில்தான்.

ஏற்றமும் பள்ளமும் விரைவில் தேய்ப்பது, கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் சுழல்தண்டின் மூட்டை. பட்டறைகளில் ‘கிராஸ்’ எனப்படும், கூட்டல்குறி வடிவிலான அவ்விரும்பின் நான்கு முனைகளிலும் உள்ள ஊசி போன்ற உருளைகள் கிரீஸ் வற்றித் தேய்ந்துவிட்டால், கியர் மாற்றி கிளட்சை விடும்போது ‘டக்’கென்று தட்டும் ஓசை எழும். ஆக்சிலேட்டரை மிதிக்கையில் கூவி, காலை எடுத்ததும் மாறும் ஓசையோ, அச்சின் நடுவே விசையைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் ‘கிரௌன் பினியன்’ பற்சக்கரங்களைச் சுட்டும். வண்டியடியில் படுத்து, தண்டைக் கையால் சற்றே திருகி அதன் ஆட்டத்தை அளந்த பட்டறைக்காரர்களின் நுண்ணறிவு ஏட்டில் ஏறாமல் போனால் அது பெரும் இழப்பே. புதிய எஸ்யூவியில் அதே ஓசை கேட்டால், உத்தரவாதக் காலம் முடியும்வரை, உரிமையாளர் நாடவேண்டியது அவர்களை அன்று, விற்பனை முகவரின் பணிமனையை.