மணலில் எழுந்த நகரம்: முத்துக்குளித்துறைக் குடும்பங்களும் மன்னார்க் கரையும்

தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே மன்னார் வளைகுடாவைக் கடந்தால், சுமார் 200 கிலோமீட்டரில் இலங்கையின் மேற்குக் கரை வரும். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் அங்கே வடக்கிலிருந்து தெற்காக அமைந்துள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தால் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நிலம் அது. மணல், முட்புதர், பனை, உவர்த் தண்ணீர் ஆகியவையே அதன் அடையாளங்கள். மன்னார்த் தீவில் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரங்களும் கழுதைகளும் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டுக் கடலோர மக்கள் நூற்றாண்டுகளாக இந்தக் கரைக்குப் பிழைக்கப் போனார்கள். சில காலங்களில் குடும்பத்தோடும், சில காலங்களில் குடும்பத்தை விட்டும் போனார்கள். வளைகுடா நாடுகளுக்கான பயணங்கள் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, வறண்ட மணலில் ஒரு நகரத்தை அமைத்து அதில் வாழப் பழகியவர்கள் இவர்கள்.

வறட்சி அவர்களுக்குப் புதியதல்ல. தூத்துக்குடிக் கரையும் தென்மேற்குப் பருவமழை எட்டாத நிலமே. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகள் காற்றில் இடம் பெயர்பவை. பதநீர், கருப்பட்டி, பனங்கிழங்கு, ஓலை, நார் என்று பனையைக் கொண்டே ஒரு வீட்டை நடத்தத் தெரிந்தவர்களுக்கு மன்னாரின் பனங்காடு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்க வழியில்லை. பேச்சும் தமிழே. எனவே அந்நியத்தன்மை நிலத்திலோ மொழியிலோ இல்லை, அதிகாரத்தில் இருந்தது. யாருடைய கோட்டையின் நிழலில் வாழ்வது, யாருக்கு வரி கொடுப்பது, நோய் வந்தால் எங்கே ஓடுவது என்பவையே அவர்களை அலைக்கழித்த கேள்விகள்.

1560: புன்னைக்காயலிலிருந்து மன்னாருக்கு

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535-37 ஆண்டுகளில் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். முத்துப் பார்களின் மீதான உரிமைக்காகக் கடலோர முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட மோதலும், அதில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடியதும் இதன் பின்னணி. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருடைய பணி மன்னாரையும் எட்டியது. அங்கே புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி 1544-ல் கொன்றான். பரதவக் குடும்பங்கள் பின்னாளில் குடியேறப் போன தீவின் நினைவில் இந்தக் கொலை இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த புன்னைக்காயலே அப்போது போர்ச்சுக்கீசியரின் தலைமை இடம். 1550களில் அது திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. கடல் வழியாகக் கோழிக்கோட்டுச் சார்பினரின் படகுகள் வந்தன. தரை வழியாக விசயநகர ஆட்சியின் சார்பாளர்களின் படைகள் வந்தன. பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன போர்ச்சுக்கீசியரால் அந்த ஊரைக் காக்க முடியவில்லை. 1560-ல் கோவாவின் அரசப் பிரதிநிதி கான்ஸ்தாந்தீனோ தெ பிரகான்சா யாழ்ப்பாணப் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது மன்னாரில் கோட்டை அமைத்து, புன்னைக்காயலின் போர்ச்சுக்கீசியக் குடிகளையும் பரதவக் குடும்பங்கள் பலவற்றையும் அங்கே மாற்றினார்.

அக்காலத்து அதிகாரிகள் இதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே கருதினர். குடும்பங்களுக்கோ இது வீடு, தோணி, கோயில், சுடுநீர்ப் பானை முதல் மீன்வலை வரை அனைத்தையும் தூக்கிக்கொண்டு கடல் தாண்டும் வேலை. கோட்டை இருந்தால் படை வராது; ஆனால் கோட்டை கிணறு வெட்டித் தராது. அவர்களோடு கடல் கடந்தவர்களில் இயேசு சபைத் துறவி அன்றீக்கி அடிகளார் (என்றீக்கே என்றீக்கசு) முக்கியமானவர். புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்திய இவர் மன்னாரிலும் இம்மக்களோடு இருந்தார். மன்னார்க் குடியேற்றம் புன்னைக்காயலை நிரந்தரமாக வெறுமையாக்கவில்லை. மக்கள் சில ஆண்டுகளிலேயே இரு கரைக்குமாகப் பிரிந்து வாழத் தொடங்கினர், பலர் திரும்பினர். அடிகளாரும் திரும்பி வந்தார்.

1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுகிறது. தமிழ் அச்செழுத்துகளுக்கான செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் கொடுத்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டை இழந்து கடல் கடந்த ஒரு சமூகம் இவ்வளவு விரைவில் நூல் அச்சிடப் பொருள் தந்தது வியப்புக்குரியது. அடிகளார் 1600-ல் காலமானார்.

பருவத்தில் தோன்றும் நகரம்

1658-ல் தூத்துக்குடியும் மன்னாரும் டச்சுக்காரர் கைக்கு வந்தன. 1795-96-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரரின் இலங்கைப் பகுதிகளைக் கைப்பற்றினர். ஆட்சி மாறினாலும் முத்துக்குளிப்பின் காலக் கணக்கு மாறவில்லை. மழைக்காலத்தில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிடுவர். சிப்பி முதிர்ந்திருந்தால் அறிவிப்பு வெளியாகும். மாசி, பங்குனி மாதங்களில், இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில் சலாபம் நடக்கும். முத்துக்குளிப்பைத் தமிழில் சலாபம் அல்லது சிலாபம் என்பர். சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது.

அறிவிப்பு வந்ததும் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, யாழ்ப்பாணம், மலபார்க் கரைகளிலிருந்து தோணிகள் புறப்படும். சம்மாட்டி தரும் முன்பணம்தான் பல வீடுகளில் அந்தப் பருவத்தின் அரிசி. பணம் வாங்கியவர் குளிக்கப் போயே ஆக வேண்டும். மறு கரையில் சில வாரங்களில் கம்பும் ஓலையும் கொண்டு தெருக்கள் எழும்பும். கடைவீதி, நீதிமன்றம், மருத்துவமனை, அஞ்சல், தந்தி, சிறை என்று எல்லாம் வரும். அவரவர் ஊர்க்காரரோடு அவரவர் தங்குவர். ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தக் குடிசை வரிசையைக் காட்டும் அளவுக்கு அது நகரமாகிவிடும். சித்திரையில் சலாபம் முடிந்தால் ஓலை பிரிக்கப்படும், கம்புகள் விற்கப்படும், மறுபடி மணல்தான்.

இந்த நகரத்தின் முதல் சிக்கல் குடிநீர். கொண்டச்சியில் நல்ல தண்ணீர் கிடையாது. சில மைல் தள்ளி அரிப்பிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நார்த் 1801-04 காலத்தில் தமக்கெனத் தூண்களோடு கூடிய மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டார். முத்து வருவாயை மேற்பார்வையிட வந்தவர் தண்ணீருள்ள இடத்தைத் தேர்ந்தது இயல்பே. தண்ணீருக்கு அடுத்த அச்சம் வாந்திபேதி. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் மணலில் அது புகுந்தால் சலாபத்தையே நிறுத்த நேரும்.

இன்னொன்று நாற்றம். அள்ளிய சிப்பிகளை உடனே திறப்பதில்லை. வேலியடைத்த முற்றங்களில் குவித்து, சதை அழுகிப் புழு தின்னும்வரை விட்டு, பின்பு தொட்டியில் கழுவி முத்துகளைப் பிரிப்பர். ஈக்களும் அந்த வாடையும் சோற்றிலும் துணியிலும் ஏறும். முத்து வாங்க வந்த செல்வந்த வணிகரும் குளியாளும் ஒரே காற்றைத்தான் மூச்சிழுத்தனர் என்பது அந்த நகரத்தில் இருந்த அரிய சமத்துவம்.

குடும்பத்தின் பொழுதும் வேறாக இருந்தது. நள்ளிரவை ஒட்டித் தரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியும் முன் பாரை அடையும். காலையிலிருந்து நண்பகல் வரை குளிப்பு. பின்பு கடற்காற்றில் திரும்புதல். ஒவ்வொரு தோணியிலும் ஏறக்குறைய பத்துக் குளியாட்களும் ஐந்து கற்களும் இருப்பது பழைய வழக்கம். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவார். காலில் கல்லும் இடுப்பில் வலைப்பையுமாக ஒரு குளியாள் நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்குவதுண்டு. ஒரு முறைக்கு ஒரு நிமிடம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் தாமதித்தால் உயிர் போகும். அதனால்தான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது முத்துக்குளித்துறை வழக்கம் என்று சொல்வர். தன் சகோதரியைத் தாலியறுக்க அவன் விடமாட்டான். கடல் கடந்த மணலில் வேறெந்த உறவு அற்றுப் போனாலும் இந்த ஒரு உறவு தோணியிலேயே உடன் வந்தது.

சுறாவின் அச்சத்திற்கு, சலாபம் நடக்கும் நாளெல்லாம் கரையில் இருந்து மந்திரம் சொல்லும் கடல்கட்டி இருந்தார். கிறித்தவக் குளியாட்களும் அவரின்றி இறங்க மறுத்ததால் ஆங்கில அரசே அவருக்கு ஊதியம் தந்தது. பரதவர் பனிமய மாதாவை வேண்டினர். 1713-ல் கட்டப்பட்ட தூத்துக்குடிக் கோயில் அவர்களின் ஊர் நினைவின் மையம். மாதாவும் மந்திரமும் ஒரே தோணியில் இருப்பதில் குளியாட்கள் முரண் எதுவும் காணவில்லை.

1905-06

மறிச்சுக்கட்டி முகாமின் உச்சம் 1905. சுமார் 40,000 பேர் கூடிய அந்தப் பருவத்தில் ஏறக்குறைய 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. இலங்கை அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருவாய் வந்தது. பங்கிடும் முறை எளிமையானது. தோணியின் சிப்பிகளைக் குளியாட்களே மூன்று குவியலாக்குவர், அரசு அலுவலர் அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுப்பார், எஞ்சியது குளியாட்களுக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று தெரியாததால் ஏமாற்ற வழியில்லை. அரசின் பங்கு மாலையில் ஏலம் போகும். குளியாள் தன் பங்கைத் தெருவிலேயே சில்லறையாக விற்பான். சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது.

இந்த நகரத்தில் தூத்துக்குடிக்காரர்களின் அயலார் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள். நம்மவர் விரலால் மூக்கைப் பொத்தி மூழ்குவர். அவர்கள் மூக்கில் கவ்வி மாட்டிக்கொள்வர். நாள் முழுதும் சளைக்காமல் குளிப்பவர்கள் என்று அதிகாரிகள் அவர்களைப் புகழ்ந்தனர். 1906-ல் யாழ்ப்பாணத்திலிருந்து முகாம் பணிக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லியோனார்ட் உல்ஃப், பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் இந்த மணல் நகரத்தையும் கரையில் நிகழ்ந்த ஓர் அரபுக் குளியாளின் மரணத் துயரத்தையும் எழுதியுள்ளார். அரபிகளுக்கு இந்தக் கரை அந்நிய நாடு. தூத்துக்குடியாருக்கோ இரண்டு நாள் பாய்மரப் பயணத்தில் வீடு. ஆனால் இறந்தவரை அங்கேயே புதைத்துத் திரும்பும் நிலை இருவருக்கும் பொது.

அதே 1906-ல் அரசு பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு லண்டன் நிறுவனத்திடம் விட்டது. அடுத்த ஆண்டோடு பார்கள் வெறுமையாயின. குத்தகை முறிந்தது, 1925-ல் ஒருமுறை அரசு சலாபம் நடத்தியது, அதற்குப் பின் பழைய அளவில் மறிச்சுக்கட்டியில் நகரம் எழவில்லை. தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை மீண்டும் குளிப்பு நடந்தது. அதன் பின் நின்றுபோனது. 1973-ல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர்.

திரும்பாதவர்கள்

சலாபம் முடிந்தும் அக்கரையிலேயே தங்கியவர்களும், வணிகத்திற்காகப் பின்னாளில் கொழும்பு, நீர்கொழும்பு சென்றவர்களும் உண்டு. அவர்களின் வழித்தோன்றல்கள் பரதர் என்ற தனி இனப்பிரிவாக இலங்கையின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவாயினர். மறிச்சுக்கட்டி, சிலாவத்துறைப் பக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டன. அவர்களில் பலர் புத்தளத்து மணலில் ஓலைக்குடிசைகளில் இரண்டு பத்தாண்டுகளைக் கழித்தனர். போர் முடிந்த பின் ஊர் திரும்பியவர்கள் கண்டது காடு மூடிய வீட்டு மனைகளை. ஆளுநர் நார்த்தின் அரிப்பு மாளிகை கூரை இழந்து, கடல் அரிக்கும் மண்மேட்டின் விளிம்பில் நிற்கிறது.